பந்தி முடியும்வரை வாசிக்கச் சொன்னார்கள்

போன கிழமை பயிற்சி முடிந்து நீங்கள் வயலின்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். "டீச்சர், கீர்த்தனையும் வருகுது, கூத்துப் பாட்டும் வருகுது, இங்கிலிசு ரொக்கும் வருகுது. எந்த இடத்தில எத வாசிக்கிற எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

சபையைப் பார்த்தால் தெரியும் என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. சபையைப் பார்க்கத் தெரிந்த நானே ஒருமுறை இருபத்தைந்து நிமிடம் பிழையாக வாசித்தேன். சுரம் தவறவில்லை, தாளம் தவறவில்லை. அன்று பதிவு செய்திருந்தால் நல்ல வாசிப்பு என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பாடசாலையில் சங்கீத ஆசிரியையாக இருந்தபடியே மேடையிலும் வாசித்தவள். தோள்மூட்டு வலியால் இரண்டு வருடமாக வில்லைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் குழுவில் நாலு பேர். நான் வயலின். தன்னாமுனை ஜெரோம் பேஸ் கிற்றார். மேளத்துக்கு ஒருவர். முன்னணிக் கிற்றார் வாசித்தவர் காத்தான்குடிக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்களுக்கும் அவர் காக்காதான். தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதனால் அப்படியே விடுகிறேன். இளமையில் ரொக் வாசித்து விரல் காய்த்தவர். சங்கீதம் முறையாகப் படித்ததில்லை, ஆனால் நான் ஒரு ராகத்தைத் தொடங்கினால் இரண்டாவது சுற்றில் அதன் நடுவில் வந்து நிற்பார். மேடையில் நாங்கள் பேசுவதில்லை. என் வில் கொஞ்சம் உயர்ந்தால் அவருக்கு விளங்கும், அவர் பாதம் நின்றால் எனக்கு விளங்கும்.

கலியாணம் மண்டூர்ப் பெண்ணுக்கு. பெயர் விதுஷா. எங்களை வாசிக்கப் பேச வந்தவர் அவளுடைய அப்பா, நெல் விதைக்கிற மனிதர். வாவியைக் கடந்து வந்து என் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து மூன்று விஷயம் கேட்டார்.

"மாப்பிள்ளைட கூட்டாளிமாருக்கு இங்கிலிசு ரொக் வேணுமாம். என்ட மனிசிக்குக் கீர்த்தனை வேணுமாம். எனக்கு எங்கட ஊர்க் கூத்துத் தரு ஒண்டு போதும். நான் ராசா வேசம் கட்டி ஆடினனான் டீச்சர். மகளோட சேந்து ரெண்டு அடி வைக்கப் போறன். மூண்டையும் ஒரே ஆக்கள் வாசிக்கிற எண்டா நீங்கதானாம்."

தருவை அவரே தொடையில் தட்டிப் பாடிக் காட்டினார். ராசா கொலுவுக்கு வரும்போது பாடுகிற பாட்டு. குரல் கம்பீரமாக இருந்தது.

காலையில் கோயிலில் தாலி கட்டினார்கள். மத்தியானம் கல்லடிப் பக்கம் வாவி ஓரத்து மண்டபம் ஒன்றில் விருந்து. முந்நூறு பேர் இருப்பார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வரும்போது கீர்த்தனை வாசித்தோம். விதுஷாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா மேடைக்குக் கீழே வந்து நின்று, "என்ட பாட்டு பந்தி முடிஞ்ச பிறகு" என்று கையால் காட்டிவிட்டு, சமையல் பக்கம் பார்க்கப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் விதுஷாவின் தாய்மாமன் மேடைப் படியில் ஏறி என் பக்கத்தில் குந்தினார். நாங்கள் மெல்லிசையாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தோம். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. சபைக்காகப் போட்டுக்கொண்ட சிரிப்பு என்று கிட்டத்தில்தான் தெரிந்தது.

"டீச்சர், நிப்பாட்டிராதீங்க. வாசிச்சுக்கிட்டே கேளுங்க. அத்தான், புள்ளைட அப்பா, குசினிக்குப் பின்னால விழுந்திட்டார். நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தார். வான்ல ஏத்தியாச்சு, அக்காவும் கூடப் போறா. புள்ளைக்குத் தெரியக் கூடாது. நல்ல நாள். பந்தி முடியும் வரைக்கும் நல்ல சத்தமா வாசிங்க, வான் வெளிக்கிடுற சத்தம் கேக்கப்படாது."

நான் தலையை ஆட்டினேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் சுயநினைவோடு இருக்கிறாரா என்று கேட்கவில்லை. யார் இந்த முடிவை எடுத்தது என்று கேட்கவில்லை. கலியாண வீட்டில் வீட்டுக்காரர் சொன்னால் வாசிக்கிறவர் செய்வது என்ற பழக்கம் மட்டுமே என்னிடம் இருந்தது.

அடுத்தது இன்னொரு மெல்லிசை என்று பேசி வைத்திருந்தோம். நான் வில்லால் கம்பியைத் தட்டி, காக்காவைப் பார்த்து ரொக் என்று வாயசைத்தேன். அவர் புருவத்தைச் சுருக்கினார், ஆனாலும் தொடங்கினார். நான் வயலினில் பொருத்தியிருந்த பிக்கப்பின் சத்தத்தைக் கூட்டினேன். மாப்பிள்ளையின் கூட்டாளிமார் சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்பி வந்தார்கள். விதுஷாவையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். பட்டுச் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் எங்களுக்கு முன்னால் ஆடினாள். அவளுடைய தலைக்கு மேலால், திறந்திருந்த பக்கக் கதவு வழியாக, வெள்ளை வான் ஒன்று பின்வாசலால் வெளியே போவதைக் கண்டேன். சத்தம் கேட்கவில்லை. நான்தான் கேட்காமல் செய்தேன்.

அந்தப் பாட்டை இரண்டு மடங்கு நீட்டினேன். முடிந்தவுடன் சபைக்கு மூச்சு விட நேரம் கொடுக்காமல் ஆட்டத்துக்கான பைலா மெட்டுகளை ஒன்றோடு ஒன்று கோர்த்து வாசித்தோம். என் கை நடுங்கவில்லை. அதைத்தான் நான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். கை நடுங்கியிருந்தால் வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். பழகிய கைக்கு எதையும் மறைக்க வரும்.

பைலா முடிந்ததும் விதுஷா மூச்சு வாங்கிக்கொண்டு மேடைக்குக் கிட்ட வந்தாள்.

"டீச்சர், அப்பாட தரு வாசிங்க. அவர் எங்க நிண்டாலும் அதக் கேட்டா ஓடி வருவார். அம்மாவையும் காணல்ல, ரெண்டு பேரும் எங்க போனாங்களோ தெரியா."

தருவை வாசித்தால் இவள் முந்நூறு பேருக்கு நடுவில் அப்பாவுக்காகக் காத்து நிற்பாள். வாசிக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். எனக்கு மூன்றாவது வழி ஒன்று வந்தது. "அதுக்கு முதல் கொஞ்சம் ராகம் வாசிச்சுப் போட்டு எடுக்கிறன் மகள்" என்றேன். அவளும் நம்பிச் சிரித்தாள். ஆலாபனை என்றால் எவ்வளவு நேரமும் இழுக்கலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. நான் ஐந்து வயதில் இருந்து பக்தியோடு படித்த ஒன்றை அன்று நேரம் கடத்துவதற்கு எடுத்தேன்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். காக்காவின் பாதம் நின்றது. அவர் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடி நகர்ந்து என் தோளுக்குப் பக்கத்தில் வந்தார். சபைக்கு அது கச்சேரிப் பாவனை போலத் தெரிந்திருக்கும்.

"என்ன நடந்த டீச்சர்?"

வில்லை நிறுத்தாமல் சொன்னேன்.

"எவ்வளவு நேரமாச்சி?"

"கால் மணித்தியாலத்துக்கு மேல இரிக்கும்."

"மனிசன் எப்பிடி இரிக்காராம்?"

"தெரியா."

"கேக்கல்லையா?"

நான் அடுத்த சுரத்துக்கு வில்லை இழுத்தேன். அவர் சபையைப் பார்த்தபடியே சொன்னார். "அந்தப் புள்ள நம்மட முகத்தப் பாத்துத்தான் சிரிக்கா. நாம வாசிக்கிறதால ஒண்டும் நடக்கல்ல எண்டு நெனைக்கா. டீச்சர், நாம வாசிக்கல்ல இப்ப. பொய் சொல்லிக்கிட்டு நிக்கம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்காரர் சொன்னதைச் செய்கிறேன், இதில் நான் என்ன செய்ய என்று கேட்க வாய் வந்தது. அப்போது விதுஷாவைப் பார்த்தேன். அவள் மேடைக்கு முன்னால் நின்றபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலாபனை முடிந்தவுடன் அப்பா அந்த வாசலால் வருவார் என்று.

"நீங்க புடிங்க" என்றேன் காக்காவிடம். "மெல்லமா. சத்தமும் வேணாம், நிப்பாட்டவும் வேணாம்." அவர் இரண்டு சுரங்களை மட்டும் மாறி மாறித் தொடத் தொடங்கினார். நான் வயலினைக் கதிரையில் வைத்துவிட்டுப் பின்பக்கத்தால் இறங்கினேன்.

தாய்மாமன் வானோடு போயிருந்தார். சமையல் கட்டில் சட்டி கழுவிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி மட்டும் நடந்ததைக் கண்டிருந்தாள். அவளும் மற்ற யாருக்கும் சொல்லக் கூடாது என்று சொல்லப்பட்டவள்தான். நான் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"கதைச்சுக்கிட்டுத்தான் கிடந்தார் டீச்சர். வேர்த்து ஊத்திட்டு. வான்ல ஏத்தக்குள்ள, 'மகள் எங்க, மகளக் கூப்பிடுங்க' எண்டு ரெண்டு தரம் கேட்டார். அவள் பிறகு வருவாள் எண்டு சொல்லிக் கதவச் சாத்திட்டாங்க."

முதலில் மாப்பிள்ளையிடம் போனேன். அமைதியான பையன், கட்டாரில் வேலை செய்தவன். பந்தியில் நின்று பெரியவர்களைச் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தான். காதோடு சொன்னேன். அவன் முகம் வெளிறிப் போயிற்று. "விதுஷாட மாமா சொல்ல வேணாம் எண்டு சொல்லியிருந்தா…" என்று தொடங்கி, வசனத்தை முடிக்க முடியாமல் என்னைப் பார்த்தான். அரைநாளுக்கு முன்தான் அந்தக் குடும்பத்துக்குள் வந்தவன். அவனால் முடிவெடுக்க ஏலாது என்று விளங்கியது. "காரை முன்வாசலுக்கு எடுக்கச் சொல்லுங்க தம்பி" என்றேன். "மிச்சத்த நான் பாக்கிறன்."

விதுஷாவின் கையைப் பிடித்து, சேலை ஊசி கழன்றிருக்கிறது என்று சொல்லி, பொண்ணு உடுத்தும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதுவும் பொய்தான். கதவைச் சாத்தினேன். வெளியே காக்காவின் இரண்டு சுரங்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

"மகள், அப்பாக்கு ஏலாமப் போயிட்டு. நெஞ்சு நோ. ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. அம்மாவும் போயிருக்கா. போகக்குள்ள கதைச்சுக்கிட்டுத்தான் போனாராம். உன்னக் கேட்டாராம்."

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. "எப்ப?" என்றாள்.

"இருபத்தஞ்சு நிமிசம் இரிக்கும்."

அவள் கணக்குப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. கண்கள் என் முகத்தில் இருந்து நகரவில்லை.

"அப்ப தெரிஞ்சுக்கிட்டா வாசிச்சீங்க?"

"ஓம்" என்றேன்.

அவள் தலையில் இருந்த மாலையைப் பிடித்து இழுத்தாள். ஊசிகளோடு வந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. மாலையில்லாமல் பொண்ணு ஓடுவதைக் கண்டதும் பந்தி எழும்பிவிட்டது. "ஆருக்கு என்ன?" என்று ஒரு குரல். "தகப்பன் செத்திட்டாராம்" என்று இன்னொரு குரல், யாருடையது என்று தெரியாது. ஒரு நிமிடத்தில் அது மண்டபம் முழுக்க ஓடியது. ஆட்கள் வாசலுக்கு இடித்துக்கொண்டு போனார்கள். முன்வாசலில் மாப்பிள்ளையின் கார் நின்றது. அதற்கு முன்னால் விருந்தினரின் வான்கள் மூன்று, சாரதிமாரைக் காணவில்லை. விதுஷா காரின் பின்சீட்டில் இருந்தாள். கண்ணாடியைச் சுற்றி ஆட்கள். யாரோ அவளைப் பார்த்து ஒப்பாரி வைக்கவே தொடங்கிவிட்டார்கள். அப்பா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத பிள்ளையின் காதில் அது விழுந்தது.

ஜெரோம் பேஸ் கிற்றாரைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடையில் இருந்து குதித்தார். மேளக்காரரும் அவர் பின்னால் போனார். நான் மைக்கை எடுத்தேன்.

இத்தனை வருடம் மேடையில் இருந்தும் நான் மைக்கில் பேசியவள் அல்ல. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. பொண்ணுட அப்பாக்கு நெஞ்சு நோ. ஆசுபத்திரில இரிக்கார். கதைச்சுக்கிட்டுத்தான் போனவர். செத்திட்டார் எண்டு ஆரும் சொல்லாதீங்க, அது உண்மையில்ல. மகள் அவரப் பாக்கப் போறா. வான் சாரதிமார் மூண்டு பேரும் வாசலுக்குப் போங்க. மத்த ஆக்கள் உள்ளுக்கு வந்து இருங்க. வழி விடுங்க."

அந்தக் கடைசி வார்த்தையை நாலு தரம் சொன்னேன். செத்துப்போகவில்லை என்று நான் சொன்னது அந்த நேரத்தில் எனக்கு உறுதியாகத் தெரியாத ஒன்று. ஆனால் அரைமணி நேரத்துக்கு முன் நான் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. அவர் கதைத்துக்கொண்டு போனார் என்பது மட்டுமே எனக்குத் தெரியும், அதை மறைக்காமல் சொன்னேன்.

சனம் மெல்லத் திரும்பியது. ஜெரோம் வான் ஒன்றைத் தானே தள்ளி ஓரமாக்கினார். கார் வெளியே போய் ஆசுபத்திரிக்குப் போகிற பாலத்துப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.

மண்டபத்தில் முந்நூறு பேர், பாதி சாப்பிட்ட வாழையிலைகள், யாருக்கும் என்ன செய்வது என்று தெரியாது. காக்கா என்னைப் பார்த்தார். வாசிக்காமல் விட்டால் மறுபடியும் அந்த வதந்தி எழும்பும். சோக ராகம் எடுத்தால் செத்த வீடாகிவிடும். சந்தோஷமாக ஏதும் வாசிக்க எங்களுக்கு இனி உரிமை இல்லை. நான் கரகரப்பிரியாவை எடுத்தேன். அழவும் வைக்காமல் சிரிக்கவும் வைக்காமல், நடந்து போகிற ஒருவரின் மூச்சுப் போல வாசித்தேன். காக்கா என் வாசிப்புக்குக் கீழே அடங்கிய சுரங்களில் நின்றார், ஒரு சுரம் கூட அலங்காரமாகப் போடவில்லை. ஒரு மணி நேரம் வாசித்தோம். சிலர் சாப்பிட்டார்கள். சிலர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவரும் கை தட்டவில்லை. நான் வாசித்ததில் அதுதான் நல்ல கச்சேரி என்று காக்கா சொல்வார். நான் அதை ஒப்புக்கொண்டதில்லை.

பொழுது படுவதற்கு முன் விதுஷாவின் அப்பா இறந்துவிட்டார்.

இனி உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உங்களிடமும் இப்படிக் கேட்பார்கள். சண்டை நடக்கிறது, சத்தமாக வாசி என்பார்கள். மின்சாரம் கசிகிறது, ஆட்கள் பயப்படாமல் இருக்க வாசி என்பார்கள். கேட்கிறவர் கெட்டவராக இருக்க மாட்டார். அந்தத் தாய்மாமனும் கெட்டவர் அல்ல, அத்தான் ஊசி போட்டுக்கொண்டு பின்னேரம் திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நம்பினார். தலையாட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். யாரிடம் இருந்து மறைக்கிறோம், அது அவருக்குச் சேர வேண்டிய செய்தியா என்று கேளுங்கள். கேட்டதை உடனே உங்கள் குழுவுக்குச் சொல்லுங்கள். நான் காக்காவுக்கு முதல் நிமிடத்திலேயே சொல்லியிருந்தால் அவர் அந்த ரொக் பாட்டைத் தொடங்கியிருக்கவே மாட்டார். எத்தனை பாணி கைக்கு வருகிறதோ அத்தனை விதமாகவும் மறைக்க முடியும் என்பதை அன்று நான் படித்தேன்.

அவருடைய முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மண்டூர் போனேன். போகாமல் விடலாம் என்று காக்கா சொல்லவில்லை, தானும் வந்தார். குருமண்வெளியில் பாதையில் ஏறினோம், வாகனங்களையும் ஆட்களையும் வாவிக்கு அங்கால் கொண்டுபோகிற மிதவையை எங்கள் பக்கம் பாதை என்பார்கள்.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. தாய்மாமன் எங்களைக் கண்டு எழும்பி இரண்டு கதிரை கொண்டுவந்து வைத்தார். முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவருக்கு என் மேல் கோபமா, தன் மேல் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு விதுஷா எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வெள்ளைச் சேலை. என் கையில் தந்துவிட்டுப் போகாமல், பக்கத்தில் இருந்த பாயில் குந்தினாள்.

"நான் போகக்குள்ள கண்ணத் திறந்துதான் இருந்தார்" என்றாள். "கால் மணித்தியாலம் போலக் கதைச்சார். சேலை வடிவா இரிக்கி எண்டார். மாலை எங்க எண்டு கேட்டார். பிறகு அங்கால கொண்டு போயிட்டாங்க."

நான் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"மாமா சொல்லியிருக்க மாட்டார். நீங்க சொன்னீங்க." என் முகத்தைப் பார்த்து, "தெரிஞ்சுக்கிட்டு எத்தின பாட்டு வாசிச்சீங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

காக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார். நான் சொல்வேனா என்று பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"மூண்டு" என்றேன்.

"ரெண்டுக்கு நான் ஆடினன்."

"ஓம்."

"மூண்டாவதுக்கு வாசலப் பாத்துக்கிட்டு நிண்டன்."

"ஓம் மகள்."

அவள் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த ஓலையை விரலால் மடித்து மடித்து நேராக்கினாள். பிறகு என் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

"தேத்தண்ணி ஆறுது" என்றாள். "குடிங்க."